மூன்று அடுக்கு ‘கம்யூனிட்டி’ மீன்தொட்டி செட்: தொட்டி நன்று, மீன் பட்டியல் பாதிதான் சரி

60 × 30 × 36 செ.மீ. கண்ணாடித் தொட்டி, 50 வாட் ஹீட்டர், விளிம்பில் தொங்கவிடும் ஃபில்டர், எல்இடி விளக்கு, கூழாங்கல் ஒரு பை, ஃப்ளேக் தீனி ஒரு டப்பா. கூடவே ‘மேல், நடு, அடி என மூன்று அடுக்கிலும் சண்டையில்லாமல் வாழும் மீன்கள்’ என்று ஒரு பட்டியல். செட் விற்பதே இந்தப் பட்டியலைக் காட்டித்தான் என்பதால் முதலில் அதையே பார்த்துவிடலாம்.

பட்டியலில் இருப்பவை: மார்பிள் ஹாட்செட் 6, நியான் டெட்ரா 8, பிரான்ஸ் கோரிடோராஸ் 4, சக்கர் மீன் 1, ரெட் டெயில் ஷார்க் (பெயரில்தான் சுறா) 1. முதல் இரண்டிலும் குறை சொல்ல முடியாது. ஹாட்செட்டின் வாய் மேல்நோக்கித் திறக்கும். நீர்ப்பரப்பில் விழும் பூச்சியைப் பிடிப்பதற்கான அமைப்பு அது. நியானின் வாய் முகத்துக்கு நேராக இருப்பதால் நடு நீரில் மிதந்து வருவதை எடுக்கும். கோரிடோராஸுக்கு வாய் கீழே, மீசை தரையில். ஒரே தண்ணீரில் இருந்தும் இந்த மூன்றின் செயல் வாழிடம், அதாவது எங்கே இருந்து எதைத் தின்று பிழைக்கிறது என்பது, வேறுவேறு. எதை, எங்கே, எப்போது தின்கிறது என்ற மூன்றில் ஏதாவது ஒன்று மாறினாலே பாதிப் போட்டி குறைந்துவிடும்.

சிக்கல் எல்லாம் அடித்தளத்தில். அங்கே மட்டும் மூன்று இனங்களை அடைத்திருக்கிறார்கள். ரெட் டெயில் ஷார்க் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க விரட்டும். கோரிடோராஸ் மூலையில் ஒடுங்கும், இரை எடுக்காது, வயிறு உள்வாங்கும். ஆற்றில் என்றால் துரத்தப்பட்ட மீன் வேறு இடம் பார்த்துப் போகும், 60 செ.மீ. நீளத்தில் எங்கே போகும்? உயிரியலாளர் ஜி. எஃப். காஸ் 1930-களில் பரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் இனங்களை வைத்துச் செய்த சோதனைகள் காட்டியதும் இதைத்தான். ஒரே கலத்தில், ஒரே உணவில் இரண்டு இனங்களை வளர்த்தபோது ஆரேலியா நிலைத்தது, காடேட்டம் அழிந்தது. அதே காடேட்டத்தைப் பர்சாரியா என்ற இன்னொரு இனத்தோடு விட்டபோது இரண்டும் பிழைத்தன, ஏனென்றால் பர்சாரியா அடியில் தங்கியிருந்த ஈஸ்ட்டைத் தின்றது.

சக்கர் மீன் விஷயம் வேறு. ‘பாசி தின்னும்’ என்று சேர்த்திருக்கிறார்கள். குட்டியாக இருக்கும்வரை தின்னும்தான். ஆனால் 30 செ.மீ.க்கு மேல் வளரும் மீனை 30 செ.மீ. அகலத் தொட்டிக்குப் பரிந்துரைப்பதை எப்படி நியாயப்படுத்துவார்கள் என்று தெரியவில்லை.

ஷார்க், சக்கர் இரண்டையும் நீக்கிவிட்டு கோரிடோராஸை 6 ஆக்குங்கள். அது கூட்டமாக வாழும் மீன். இடம் மிச்சப்படுத்த பிக்மி கோரிடோராஸ் வாங்கலாமே என்றால், அது பெரும்பாலும் நடு நீரில் நீந்தும். அடியில் தீர்ந்த போட்டி நியானோடு தொடங்கும்.

அடுக்கு சரியாக இருந்தாலும் தீனி சரியில்லாவிட்டால் பயனில்லை. செட்டில் தருவது மிதக்கும் ஃப்ளேக் மட்டுமே. மேலே இருப்பவை வயிறு புடைக்கத் தின்னும், அடியில் இருப்பவைக்கு ஊறிய துணுக்குதான் மிஞ்சும். ஒரு சிட்டிகை ஃப்ளேக்கைத் தொட்டியின் ஒரு முனையில் போட்டு மேல்மீன்களை அங்கே இழுங்கள். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் வில்லையை எதிர்முனையில் போடுங்கள். கோரிடோராஸ் இருட்டிலும் மீசையால் தேடிக்கொள்ளும். நியானுக்குக் கண்தான் துணை. கோரிடோராஸ் அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிப் போவது இயல்பு. அடிக்கடி வந்தால் நீரில் ஆக்சிஜன் குறைவு என்று பொருள்.

கூழாங்கல்லையும் மாற்ற வேண்டும். அந்த அளவுக் கல்லின் இடுக்கில் விழும் தீனி மீசைக்கு எட்டாமல் அங்கேயே அழுகும், மீசையும் தேயும். கூர்மையில்லாத மெல்லிய மணல் 3 செ.மீ. போதும்.

ஃபில்டர் நல்ல தரம், சத்தமில்லை. கையேடு மட்டும் மோசம். ‘ஸ்பாஞ்சை மாதாமாதம் மாற்றவும்’ என்கிறது. அந்த ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாவும் இரண்டு தரப்பு: ஒன்று மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், மற்றது அந்த நைட்ரைட்டையே உணவாகக் கொண்டு நைட்ரேட்டாக்கும். ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டால் இரண்டும் போய்விடும், அம்மோனியா ஏறும். குளோரின் கலந்த குழாய் நீரிலும் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழிந்தால் போதும். புதுத் தொட்டியில் இவை நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் விடுமுன் லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனியா கொடுத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் தயார். இதற்கான டெஸ்ட் கிட் செட்டில் இல்லை, தனியாக வாங்க வேண்டும்.

ஹீட்டர் போதுமானது. 24–25 டிகிரியில் வையுங்கள். மூன்று இனத்துக்கும் ஒத்துவரும் வெப்பம் அதுதான். பெட்டியில் 65 லிட்டர் என்று போட்டிருந்தாலும் மணலும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 55 லிட்டர்தான் நிற்கும், மருந்தளவு பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மூடியில் ஃபில்டருக்காக விட்ட வெட்டு தேவைக்கு மேல் அகலம். ஹாட்செட் நீரிலிருந்து எகிறிக் குதிக்கும் மீன். அதைப் பரிந்துரைத்துவிட்டு இந்த ஓட்டையை விட்டது அலட்சியம். காற்றுப் போகும்படி துளையுள்ள ஸ்பாஞ்சை அளவுக்கு வெட்டிச் செருகிவிட்டு மீனை விடுங்கள்.