குடும்ப மரம் எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

வம்சாவளியை ஆராய்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரம் காட்டி, புத்தகமாகவே கையில் கொடுக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம் எங்கள் குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறது. நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய முறையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுக்க என்று நிறைய பேர் இப்போது இப்படிப் புத்தகம் செய்யச் சொல்கிறார்கள்.

எங்கள் அம்மா வழி பாளையங்கோட்டைப் பக்கம். பெரியம்மா வீட்டில் கேட்டதையெல்லாம் வருடக்கணக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். யார் யாருக்கு எங்கே கல்யாணம், யார் எப்போது தவறினார்கள், யார் பர்மாவுக்குப் போனார்கள் எல்லாம் அதில் இருக்கும். அவர் பிறப்பதற்கு முன்பே இறந்தவர்களைப் பற்றியது எல்லாம் காதால் கேட்டதுதான். அதனால் நோட்டைப் படம் எடுத்து அனுப்பும்போதே, "இதில் உள்ள தேதிகளைச் சரிபார்க்க வேண்டும், அதற்குத்தான் பணம்" என்று எழுத்திலேயே சொல்லியிருந்தோம். பாதிப் பணம் முன்பணம், மீதி புத்தகம் வந்த பிறகு.

புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள், தங்க எழுத்து, நல்ல கட்டு. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் சின்ன எழுத்தில் ஒரே வரி: "ஆதாரம்: இணையக் கல்லறைப் பதிவு." கல்லறைகளின் விவரங்களை மக்கள் ஏற்றி வைக்கும் இணையதளங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் எந்தத் தளம், எந்தக் கல்லறைத் தோட்டம், பக்கத்தின் எண் என்ன, யார் ஏற்றியது, கல்லின் படம் இருக்கிறதா, எதுவுமே இல்லை. இது ஆதாரக் குறிப்பே இல்லை. படிக்கிறவர் திரும்பிப் போய்ப் பார்க்க வழி இல்லாத எதையும் ஆதாரம் என்று அச்சடிக்கக் கூடாது.

கேட்டுக் கேட்டு, மீதிப் பணத்தை நிறுத்தி வைத்த பிறகுதான் இணைப்புகளை அனுப்பினார்கள். முதலில் திறந்தது பெரியம்மாவின் அப்பாயி, அதாவது எங்கள் கொள்ளுப்பாட்டியின் பக்கம். கல்லின் படம் இல்லை. இறந்த தேதி 11 ஏப்ரல் 1931 என்று இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு செல்லப்பெயர். அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர். பெரியம்மாவின் நோட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்படாதது. பக்கத்தின் அடியில் அது சேர்க்கப்பட்ட நாள் இருந்தது. நாங்கள் முன்பணம் கட்டியதற்குப் பிந்தைய நாள்!

நோட்டில் இருந்ததை அப்படியே ஒரு இலவசக் கணக்கில் தட்டச்சு செய்து, கல்லறைப் பக்கம் உண்டாக்கி, பிறகு அந்தப் பக்கத்தையே ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். நாங்கள் சரிபார்க்கக் கொடுத்த செவிவழிச் செய்தி, சரிபார்க்கப்பட்ட செய்தியாக வேஷம் போட்டு எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்கு நேரில் போனார். கல் இருக்கிறது. பாசி பிடித்திருந்தாலும் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் படிக்க முடிகிறது. முன்பக்கத்தில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தது 4-11-1931, வயது 52" என்று இருக்கிறது. அதாவது நவம்பர் 4. வீட்டில் யாரோ எண்ணைப் புரட்டிப் படித்ததால்தான் நோட்டில் ஏப்ரல் 11 ஆகியிருக்க வேண்டும். இந்தக் குழப்பம் வெளிநாட்டவர் கல்லைப் படித்து ஏற்றும்போதும் நடக்கும். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். கல்லின் பக்கவாட்டில் இன்னொன்றும் இருந்தது: கல்லை நாட்டிய மகனின் பெயரும், 1938 என்ற ஆண்டும். இறந்து ஏழு வருடம் கழித்து வைத்த கல் அது. அதனால் கல்லை மட்டும் நம்பாமல், சேகரத்தின், அதாவது அந்தப் பகுதித் திருச்சபையின், அடக்கப் பதிவேட்டைப் பார்க்க ஐயரவர்களிடம் (போதகரிடம்) அனுமதி கேட்டோம். இறந்தது 3 நவம்பர், அடக்கம் 4 நவம்பர் என்று பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. கல்லில் இருப்பது அடக்க நாள்.

இதற்காகத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம். உள்ளூரில் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை.

இதைவிட மனதை நோகடித்தது பெரியம்மாவின் தாய்மாமா விஷயம். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தவர். புத்தகத்தில் "தௌக்யான் போர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்" என்று போட்டிருந்தார்கள். உடம்புக்கு முடியாவிட்டாலும் அந்தக் கல்லறையில் ஒரு பூ வைத்துவிட்டு வர வேண்டும் என்று பெரியம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டார். போரில் இறந்த காமன்வெல்த் படையினரின் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவை நாங்களே தேடினோம். அவருடைய படை எண்ணோடு பதிவு இருக்கிறது. ஆனால் இடம் என்ற வரியில் ரங்கூன் நினைவுச்சின்னம் என்றும், பெயர் பொறித்த முகப்பின் எண்ணும் இருக்கின்றன. அந்த நினைவுச்சின்னம் தௌக்யான் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நிற்கிறது, அதனால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரலாம். ஆனால் அது பர்மாப் போரில் இறந்து, கல்லறை எங்கே என்றே தெரியாத சுமார் 27,000 பேருக்காக எழுப்பப்பட்டது. அவர் அங்கே அடக்கம் செய்யப்படவில்லை. அவர் பெயர்தான் அங்கே இருக்கிறது.

ஆணையத்தின் பதிவில் இந்த வேறுபாடு எப்போதும் தெளிவாக இருக்கும். கல்லறை என்றால் மனை (தோட்டத்தின் எந்தப் பகுதி என்பது), வரிசை, கல்லறை எண் வரும். நினைவுச்சின்னம் என்றால் பலகை அல்லது முகப்பு எண் வரும். மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தௌக்யானிலேயே தனியாகத் தகன நினைவுச்சின்னம் உண்டு. தௌக்யானில் கல்லறை உள்ளவர் என்றாலும் அவர் அங்கேதான் இறந்தார் என்று எழுதிவிடக் கூடாது. அக்யாப், மாண்டலே, மெய்க்தீலா, சாமா ஆகிய இடங்களில் இருந்த போர்க்களக் கல்லறைகளை 1951 முதல் அங்கே மாற்றினார்கள். பதிவில் இடம் என்ற அந்த ஒரு வரியை நிறுவனம் படித்திருந்தாலே போதும், பெரியம்மாவுக்கு இரண்டாவது முறை துக்கம் வந்திருக்காது.

இணையக் கல்லறைப் பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அயல்நாட்டில் அடக்கமான உறவினரைத் தேட அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஃபைண்ட் எ கிரேவ் தளத்தை ஜிம் டிப்டன் என்பவர் 1995-இல் தொடங்கினார்; 2013-இல் வம்சாவளித் தேடல் தளம் நடத்தும் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் வாங்கியது. இலவசக் கணக்கு வைத்திருக்கும் யாரும் அதில் நினைவுப் பக்கம் உண்டாக்கலாம், படம் கட்டாயம் இல்லை. வாழ்க்கைக் குறிப்பும், தாய் தகப்பன் பிள்ளைகள் என்ற தொடர்புகளும் உறுப்பினர்கள் எழுதுபவை; கல்லில் இருக்க வேண்டும் என்றில்லை. பில்லியன்கிரேவ்ஸ் தளத்தில் கைபேசியில் எடுத்த கல்லின் படம் இடக்குறிப்போடு ஏறும், அதைப் படித்துத் தட்டச்சு செய்வது வேறொருவராக இருக்கலாம். நம் பக்கத்துப் பழைய கல்லில் தமிழ் எண்கள் இருந்தால் இது இன்னும் சிக்கல். தேய்ந்துபோன ௯ (9) பல நேரம் ௧ (1) மாதிரியே தெரியும்.

ஆகவே கல்லின் படம் வேறு, படத்தைப் படித்து எழுதியது வேறு, யாரோ நினைவிலிருந்து எழுதியது வேறு. ஆதாரக் குறிப்பில் இதில் எதை நீங்கள் பார்த்தீர்கள் என்பதுதான் முதலில் வர வேண்டும். அதன் பிறகு தளத்தின் பெயர், பக்கத்தின் எண், ஏற்றியவரின் கணக்குப் பெயர், சேர்த்த நாள், நீங்கள் பார்த்த நாள், கல்லறைத் தோட்டத்தின் முழுப் பெயரும் ஊரும், இருந்தால் மனை எண். பார்த்த நாளை விட்டுவிடாதீர்கள். பக்கங்கள் திருத்தப்படும், ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் இருந்தால் ஒன்றாக இணைக்கப்படும். கல்லின் எழுத்தை இருக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் புத்தகத்தில் பிறப்பு 1879 என்று உறுதியாகப் போட்டிருந்தார்கள். கல்லில் வயது மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி 1878 கடைசியிலும் பிறந்திருக்கலாம். "வயது 52 என்று கல்லில் உள்ளது, அதிலிருந்து கணித்தது" என்று எழுதுவதுதான் நேர்மை.

பணம் கட்டும் முன் அவர்கள் ஏற்கெனவே செய்த புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கேளுங்கள். ஆதாரக் குறிப்பை வைத்து நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்க முடியவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் "எங்கள் கணக்கிலிருந்து உண்டாக்கிய பக்கங்களை ஆதாரமாகக் காட்ட மாட்டோம்" என்ற வரியை எழுதச் சொல்லுங்கள்.

நிறுவனம் சொன்ன பதில், "இணையத்தில் இருப்பதைத்தான் தருவோம் என்று சொன்னோம்" என்பது. விளம்பரத்தில் அப்படி இல்லை. படம் எடுத்து வைத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், எங்களுக்கு அதுதான் இப்போது கைகொடுக்கிறது.

அந்தப் பொய்ப் பக்கம் இன்னும் இணையத்தில் இருக்கிறது, வேறு இரண்டு குடும்ப மரங்கள் அதை நகல் எடுத்தும் விட்டன. கல்லின் முன்பக்கப் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும், பதிவேட்டில் கண்ட தேதிகளையும் வைத்து அண்ணன் சரியான பக்கத்தை ஏற்றியிருக்கிறார். பழையதை நீக்கச் சொல்லித் தளத்துக்கும், நகல் எடுத்த இருவருக்கும் எழுதியிருக்கிறோம்.