ஸ்விட்ச் கேம் கலெக்‌ஷன் செகண்ட்ஸில் வாங்கப் போகிறீர்களா? பெட்டிக்குள் பாதிதான் இருக்கும்

பழைய கேம்களை மூன்று, நான்கு, எட்டு என்று சேர்த்து 'கலெக்‌ஷன்', 'ட்ரிலஜி' என்று ஒரே பெட்டியில் விற்பார்கள் இல்லையா, அப்படி ஒன்றை நிண்டெண்டோ ஸ்விட்ச் என்கிற கேம் மெஷினுக்கு செகண்ட்ஸில் வாங்க நினைப்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். குறிப்பாக சென்னையில் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் போகிறவர்கள்.

நான் வாங்கியது மெகா மேன் எக்ஸ் லெகசி கலெக்‌ஷன் 1+2. கேப்காம் என்கிற கேம் நிறுவனம் 2018 ஜூலையில் வெளியிட்டது. மொத்தம் எட்டு கேம். முதல் தொகுப்பில் எக்ஸ் முதல் எக்ஸ்4 வரை, இரண்டாவதில் எக்ஸ்5 முதல் எக்ஸ்8 வரை. வந்த புதிதில் அமெரிக்காவில் இரண்டும் சேர்த்து 40 டாலர், தனித்தனியாக வாங்கினால் தலா 20. ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் 2,600 ரூபாய் சொல்லி, 2,400-க்கு இறங்கி வந்தார்கள். கேமுக்கு 300 ரூபாய்தானே என்று எனக்கும் கட்டுப்படியாகிற விலையாகத்தான் பட்டது.

கேட்காமல் வாங்கவில்லை. "ரெண்டு கலெக்‌ஷனும் இருக்கா?" என்பதுதான் என் முதல் கேள்வி. "ஃபுல் செட் பாஸ். ஒன் பிளஸ் டூன்னு அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க" என்றார். கடையில் இருந்த ஸ்விட்சில் கேம் கார்டைச் செருகி ஓட்டியும் காட்டினார். முதல் எக்ஸ் ஓடியது, எக்ஸ்4 ஓடியது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டி, "பேப்பர்கூட மிஸ் ஆகல, அவ்ளோ கண்டிஷன்" என்று வேறு சொன்னார்.

அந்தப் பேப்பரில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்விட்ச் பெட்டியில் வரும் கார்டில் முதல் தொகுப்பு மட்டும்தான். இரண்டாவது தொகுப்புக்கு ஒரு டவுன்லோட் கோடை அச்சடித்து உள்ளே வைத்திருப்பார்கள். நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பில் அந்தப் பதினாறு எழுத்தையும் யார் முதலில் அடிக்கிறாரோ அவருடைய அக்கவுண்டில் கேம் ஏறிவிடும். அதோடு கோடின் ஆயுள் முடிந்தது. என் வீட்டில் கார்டைப் போட்டதும் ஸ்விட்சின் முகப்பில் ஒரே ஒரு ஐகான் வந்தது. கோடை அடித்துப் பார்த்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று திரையில் வருகிறது. சுரண்டி முடித்த ரீசார்ஜ் கூப்பனைப் பத்திரமாக மடித்து என் கையில் கொடுத்திருக்கிறார்.

பெட்டியின் பின்னட்டையில் டவுன்லோட் பற்றிய வரிகள் இல்லாமல் இல்லை. அவற்றின் மேல் கடையின் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பாதி ஸ்டிக்கர் கோந்தோடு தங்கிவிட்டது, மீதி இடத்தில் 'டவுன்லோட்' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தது. தற்செயலாக அங்கே ஒட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்தான். பக்கத்திலேயே இரண்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற அளவுக்கு வெற்று இடம் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதே தொகுப்பு சோனியின் பிஎஸ்4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷின்களுக்கு வந்த பெட்டிகளில் இரண்டும் டிஸ்கிலேயே வந்தன. எத்தனை கை மாறினாலும் எட்டு கேமும் கூடவே வரும். ஆக, புதிதாக வாங்கும்போது எல்லாம் ஒரே விலை, செகண்ட்ஸ் என்று வந்துவிட்டால் ஸ்விட்ச் பெட்டியின் மதிப்பு பாதி. ஆனால் கடைகளில் நடப்பது தலைகீழ். ஸ்விட்ச் கார்டுக்கு எப்போதும் கிராக்கி என்பதால் பிஎஸ்4 டிஸ்கைவிட அதற்குத்தான் அதிகம் கேட்கிறார்கள். இந்தியாவில் நிண்டெண்டோவுக்கு அதிகாரப்பூர்வ ஈஷாப் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். இங்கே விற்பவை எல்லாம் துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று எங்கிருந்தாவது வந்த பெட்டிகள். கார்டு எந்த நாட்டு ஸ்விட்சிலும் ஓடும். கோட் அப்படியில்லை, அமெரிக்கப் பெட்டியின் கோட் அமெரிக்க அக்கவுண்டில்தான் ஏறும். சீல் பிரிக்காத புதுப் பெட்டி வாங்கினாலும் இந்தத் தலைவலி உண்டு.

திரும்பக் கொண்டுபோய் நீட்டினேன். "கார்டு ஓடுதுல்ல? கோட் எல்லாம் நிண்டெண்டோ பிராப்ளம் பாஸ், நமக்கு சம்பந்தம் இல்ல" என்றார். ஃபுல் செட் என்று சொன்னீர்களே என்றால், "எக்ஸ்5-க்கு அப்புறம் யாரு பாஸ் ஆடுறா? நல்லதெல்லாம் முதல் நாலுலயே முடிஞ்சிடுச்சு" என்று எனக்கே பாடம் எடுக்கிறார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். 2003-ல் முப்பரிமாணத்துக்குத் தாவிய எக்ஸ்7-ஐ இந்தத் தொடரின் தீவிர ரசிகர்களே கழுவி ஊற்றுவார்கள். ஆனால் நான் பெட்டியை எடுத்ததே எக்ஸ்8-க்காக. அது வேண்டாம் என்றால் முதல் தொகுப்பை மட்டும் ஈஷாப்பில் தள்ளுபடி வரும்போது வாங்கியிருப்பேனே.

கடைசியில் ஒரு சலுகை சொன்னார். "இன்னும் 500 குடுங்க, பிஎஸ்4-ல ரெண்டு கலெக்‌ஷனும் செகண்டரி போட்டுத் தர்றேன்." இதைத் தெரியாதவர்களுக்காக: யாரோ ஒருவர் தன் அக்கவுண்டில் டிஜிட்டலாக வாங்கிய கேமை, அதன் லாகினைக் கொடுத்துப் பல பேருக்கு விற்பதுதான் இந்த பிரைமரி, செகண்டரி வியாபாரம். செகண்டரி என்றால் நெட் இருந்தால்தான் கேம் திறக்கும். அக்கவுண்டின் சொந்தக்காரர் பாஸ்வேர்டை மாற்றிய அன்றைக்கு அதுவும் போய்விடும். சோனியின் விதிகளிலும் இதற்கு இடமில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

டவுன்லோட் என்று அட்டையில் போட்டிருந்தாலே ஒதுக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. ஸ்பைரோ ரீஇக்னைட்டட் ட்ரிலஜி 2018 நவம்பரில் பிஎஸ்4-க்கு வந்தபோது முதல் கேம்தான் டிஸ்கில் இருந்தது, மற்ற இரண்டையும் இறக்கிக்கொள்ள வேண்டும். ஸ்விட்சுக்கு 2020-ல் வந்த பயோஷாக் கலெக்‌ஷனிலும் கார்டில் முழுதாக எதுவும் அடங்கவில்லை, நிறைய இறக்க வேண்டும். பழைய ஸ்விட்சில் உள்ளே இருப்பதே 32 ஜிபி என்பதால் மெமரி கார்டு செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இவற்றில் கோட் கிடையாது. டிஸ்கோ கார்டோ உள்ளே இருந்தால் யார் வேண்டுமானாலும் இறக்கலாம், அதனால் செகண்ட்ஸில் வாங்கலாம். ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம்-கீ கார்டும் இந்த ரகம்தான்: கார்டில் கேம் இருக்காது, ஆனால் கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் இறக்கி ஆடலாம். மெகா மேன் லெகசி கலெக்‌ஷன் 1+2-வின் ஸ்விட்ச் பெட்டி (பெயரில் எக்ஸ் இல்லாதது) மட்டும் என்னுடையதைப் போலவே ஒரு கார்டு, ஒரு கோட். அந்தக் கடையில் அதுவும் ஒன்று அடுக்கில் இருந்தது.

தொகுப்பு முழுதாகக் கிடைத்துவிட்டால் மட்டும் எல்லா மெஷினிலும் ஒரே சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த மெட்டல் கியர் சாலிட் மாஸ்டர் கலெக்‌ஷனில் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் பிஎஸ்5-ல் விநாடிக்கு 60 ஃப்ரேம், ஸ்விட்சில் 30 (ஃப்ரேம் குறைந்தால் அசைவு அவ்வளவு வழுவழுப்பாக இருக்காது). சைலண்ட் ஹில் எச்டி கலெக்‌ஷன் 2012-ல் கோளாறுகளோடு வந்தது. பிஎஸ்3-க்குத் திருத்தம் கொடுத்த கொனாமி, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அதைக் கைவிட்டது. பழைய டிஸ்க் வாங்குபவர்கள் இதையெல்லாம் பார்த்து விலை பேச வேண்டும். என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர் இருப்பவர்கள் இந்த மாதிரிப் பழைய தொகுப்புகளை ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்குவதே மேல். மெகா மேன் எக்ஸ் இரண்டு தொகுப்பும் அங்கே தனித்தனியாகக் கிடைக்கின்றன. வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வந்துவிடும். விற்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

செகண்ட்ஸ் ஸ்விட்ச் கார்டுதான் வேண்டும் என்றால், ஓட்டிக் காட்டும்போது தொகுப்பின் கடைசிக் கேமைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் கேம் ஓடுவதைப் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது. பெட்டிக்குள் கோட் சீட்டு இருந்தால் அதற்குக் காலணாகூட மதிப்புப் போடாதீர்கள். விலை ஸ்டிக்கரை அங்கேயே உரித்துப் பாருங்கள், முறைத்தால் முறைக்கட்டும்.

பில் விஷயத்திலும் கறாராக இருங்கள். எனக்குக் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுத்தாள். அதில் 'ஸ்விட்ச் கேம் – 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது, கேமின் பெயர்கூட இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம், துண்டுத்தாள், பாதி உரித்த ஸ்டிக்கரோடு பின்னட்டை, ஈஷாப் காட்டிய செய்தி எல்லாவற்றையும் படம் எடுத்துச் சேர்த்துப் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.