டாராடாக் சங்கம்: மறியல் இல்லாத மாதங்களில் என்ன கிடைக்கிறது?

மாற்றுத்திறனாளிகள் சங்கமான டாராடாக் என்றதும் பலருக்குக் கண்முன் வருவது, நடுரோட்டில் வரிசையாக நிற்கும் மூன்று சக்கர வண்டிகளும், கைதாகிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டமும்தான். டிவியில் காட்டுவதும் அவ்வளவே. மாநிலம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு சங்கத்தை அந்த ஒருநாளை வைத்து எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும். மற்ற நாட்களில் அது பார்க்கும் வேலை பெரும்பாலும் மனு, ரசீது, மேல்முறையீடு.

டாராடாக் என்பது ஆங்கிலப் பெயரின் சுருக்கம். தமிழில் முழுப் பெயர், தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம். பெயரில் உள்ள 'பாதுகாப்போர்' ஒப்புக்குச் சேர்த்தது இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை தனக்காகத் தாலுகா ஆபீஸில் வாதாட முடியாது. அம்மாதான் போக வேண்டும். அந்த அம்மாவுக்கும் சங்கத்தில் இடம் உண்டு. பார்வையற்றோருக்குத் தனி, காது கேளாதோருக்குத் தனி என்று பிரிந்து கிடக்கும் அமைப்புகளிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

அதிகம் பேர் தேடி வருவது உதவித்தொகைக்காக. இங்கே முதல் குழப்பமே எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான். வருவாய்த் துறை தருவது மாதம் 1,500 ரூபாய். 2023 ஜனவரியில் 1,000-லிருந்து உயர்ந்தது. அதற்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் போக வேண்டும். கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்புத் தொகை 2,000. அதற்கு மாவட்ட நல அலுவலகம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. இது தெரியாமல் இரண்டு பக்கமும் மனு போட்டு, இரண்டிலும் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். விவரம் தெரிந்த கிளை நிர்வாகி யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள சதவீதத்தையும் குறைபாட்டின் வகையையும் பார்த்துவிட்டு, எந்த ஆபீஸ் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சங்கத்துக்குப் போவதில் உள்ள உடனடிப் பலன் இது.

போகும்போது யுடிஐடி, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்திருங்கள். நான்கிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு இனிஷியல் மாறினாலும் மனு நின்றுபோகும். அடுத்தது, குறைபாட்டுச் சான்று தற்காலிகமா நிரந்தரமா என்பது. தற்காலிகச் சான்றின் தேதி முடிந்தால் பணமும் நிற்கும். முடிவதற்கு முன்பே மருத்துவ முகாமுக்குப் போக வேண்டும். தாசில்தார் நிராகரித்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'ஆதரிக்க மகன் இருக்கிறார்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால்கூடப் போதும், மேல்முறையீட்டுக்கு அதுதான் அடிப்படை.

நூறு நாள் வேலை எனப்படும் ஊரக வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 மணி நேர வேலை, முழுக்கூலி என்பது தமிழ்நாட்டின் ஆணை. களத்தில் அதை அமல்படுத்த வைக்கும் சண்டையைச் சங்கம் பல ஆண்டுகளாக நடத்துகிறது. சிக்கல் வருகைப் பதிவு செயலியில். அது ஒரு நாளைக்கு இரண்டு படம் கேட்கும். மதியமே கிளம்பிவிட்டவரின் இரண்டாவது படம் விட்டுப்போனால் கூலியில் கைவைப்பார்கள். 2025 டிசம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டதால், இந்தச் சலுகையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கத்தை நான் உயர்வாக மதிப்பிடுவது காவல் நிலையத்து விஷயத்தில். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, பிறர் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது, அதே நோக்கத்தோடு தாக்குவது, பராமரிப்பில் உள்ளவருக்குத் தெரிந்தே சோறு தண்ணீர் மறுப்பது எல்லாம் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. நடைமுறையில் ஸ்டேஷனில் வழக்குப் பதியாமல், புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். எஃப்ஐஆர் போட்டாலும் பொதுவான குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளோடு நிறுத்திக்கொண்டு 92-ஐ விட்டுவிடுவது வழக்கம். எனவே புகார் மனுவிலேயே சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் எழுதி, யுடிஐடி நகலை இணையுங்கள். விட்டிருந்தால், பிரிவைச் சேர்க்கச் சொல்லி எஸ்பி அலுவலகத்தில் மனு கொடுங்கள். இதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாத ஆயுதம். கொடுமை நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நம்ப இடமிருந்தால், பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற அமைப்பே நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம். சொந்த வீட்டுக்குள்ளேயே அடி வாங்குகிறவர் வாசலைத் தாண்ட முடியாதபோது, சங்கத்தின் லெட்டர்ஹெட்டுக்கு உண்மையான மதிப்பு வருவது அப்போதுதான்.

போராட்டங்களைப் பொறுத்தவரை கோரிக்கை தெளிவானது. ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாத உதவித்தொகையாக 6,000 ரூபாய், கடும் பாதிப்புக்கு 15,000 வரை கொடுக்கிறார்கள். இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அரசு ஆபீஸில் குடியேறும் போராட்டம், மறியல் என்று அழுத்தம் கொடுப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. வெயிலில் கழிப்பறை வசதியில்லாமல் சக்கர நாற்காலிக்காரர்களை மணிக்கணக்கில் உட்கார வைப்பது மட்டும் உறுத்துகிறது. போகிறவர்கள் மாத்திரை, தண்ணீர், கதீட்டர் வைத்திருந்தால் அதற்கான மாற்றுப் பை, எல்லாம் கையோடு கொண்டுபோவது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. தாழ்தளப் பேருந்து, சாய்தளத்தின் சரிவு அளவு, இணையதள அணுகல் போன்ற நுட்பமான வழக்குகளுக்கு டிசெபிலிட்டி ரைட்ஸ் அலையன்ஸ் போன்ற குழுக்கள்தான் பொருத்தம். டாராடாக்கின் இடதுசாரிச் சாயல் பளிச்சென்று தெரியும். சிலருக்கு அது தயக்கம் தரலாம். கிளைக்குக் கிளை தரமும் மாறும். 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தம் வந்தது. அப்படி உட்காருகிறவருக்குப் பட்ஜெட் நகலைப் படிக்கவும் தீர்மானம் எழுதவும் சொல்லித்தர வேண்டும். அடுத்த வேலை இது. சங்கம் இதில் எவ்வளவு நேரம் போடும் என்பதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊர்க் கிளை சுறுசுறுப்பானதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: மனு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தேதி, மனு எண், அதிகாரியின் பதவி, அடுத்து விசாரிக்க வேண்டிய நாள் என நான்கு பத்தியும் நிரம்பியிருந்தால் தயங்காமல் சேரலாம். நோட்டே இல்லை என்றால் பக்கத்துத் தாலுகாக் கிளையை விசாரியுங்கள்.