"டைனமோ போச்சு" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. கார்புரேட்டர் மாடல் மாருதி 800 ஒன்று. காலையில் செல்ஃப் எடுக்காது, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒயரிங் கடையில் முதலில் புது பேட்டரி மாட்டினார்கள். சில நாளில் பழையபடியே ஆனது. அடுத்து "டைனமோ போச்சு" என்று சொல்லி (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் கடைகளில் டைனமோ என்பார்கள்), கறுப்பு பெயின்ட் அடித்த ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டரைப் புதுசு என்று தலையில் கட்டினார்கள். கழற்றிய பழையதைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

அந்தக் கடையில் நடந்த ஒரே சோதனை, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி ஆஃப் ஆகிறதா என்று பார்த்தது. யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்டேஜ் எகிறும். டைனமோவின் டயோடு, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், எம்பிஎஃப்ஐ வண்டியாக (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரான ஈசிஎம் வரை அடிபடலாம். நல்ல டைனமோவையே கெடுத்துவிட்டு மாற்றச் சொல்லும் வேலை இது.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். பிறகு ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். இந்த வண்டியில் வந்தது 13.0.

இங்கேதான் பலரும் டைனமோ மேல் பழியைப் போடுகிறார்கள். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் பேட்டரிக்குப் போகும் ஒயர் மாட்டியிருக்கும் பி போல்ட்டிலும், கறுப்பு முனையை அதன் பாடியிலும் வைத்தால் 14.3. டைனமோ தன் வேலையைச் சரியாகவே செய்தது, அது பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. பி போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே அளந்தபோது 1.2 வோல்ட். 0.3-ஐத் தாண்டவே கூடாத இடம் அது. எர்த் பக்கம், அதாவது ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, 0.1தான், அதில் குறையில்லை.

குற்றவாளி பி போல்ட்டில் மாட்டும் ஒயரின் லக், அதாவது ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம். உறையை உரித்தால் செம்பு இழைகள் பச்சை பூத்து, பாதி அறுந்து, பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. 20 ஆம்பியர் போகும்போது 1.2 வோல்ட் இழப்பு என்றால் அந்த ஒரு இடத்திலேயே 24 வாட் சூடு. எத்தனை டைனமோ மாற்றினாலும் அதே கருகிய லக்கைத்தான் திரும்ப முறுக்குவார்கள். டாஷ்போர்டு பேட்டரி லைட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் டைனமோ ஒழுங்காக உற்பத்தி செய்வதால் அது அணைந்தே இருக்கும்.

வேலை இவ்வளவுதான்: முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள் (சாவி போடாவிட்டாலும் பி போல்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும்). நல்ல செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டி, புது லக் வைத்துக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஒயர் நீளம் முழுக்கக் கெட்டியாகிப் பொரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த வண்டியில் அதற்குப் பிறகு பேட்டரியில் 14.1 வந்தது.

பி போல்ட்டிலேயே வோல்டேஜ் குறைவாக இருந்தால்? அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட் டென்ஷன். சாவி போட்டதும் பேட்டரி லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். பல பழைய ஆல்டர்னேட்டர்களில் உள்ளே சுழலும் ரோட்டருக்கு முதல் கரண்ட் அந்த பல்ப் வழியாகத்தான் போகும், பல்ப் போயிருந்தால் சார்ஜ் ஏறாது. பிறகு கார்பன் பிரஷ், ரெகுலேட்டர். இரண்டும் தனியாகக் கிடைக்கும், முழு டைனமோ வாங்கத் தேவையில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், பி போல்ட் ரீடிங்கை உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். பில்லில் புதுசா, ரீகண்டிஷனா என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு நீங்கள் ஒத்துக்கொண்டாலொழிய பழைய டைனமோ உங்களுடையது. அதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.