சாம்சங் டேப் ஏ9: பாலையூற்று வீட்டில் நான்கு மாதம்

நான் கணித ரீச்சர். திருகோணமலை பாலையூற்றில் வீட்டிலிருந்தபடியே சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இரவு 7 மணிக்கு ஜூமில் வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் கிண்ணியா, மூதூர்ப் பக்கம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு வந்துபோவது எவ்வளவோ சுகம். ஆனாலும் இரவு 9 மணிக்கு வகுப்பு முடிந்து பெண்பிள்ளை தனியே பஸ் ஏறுவதற்கு எந்தத் தாய் சம்மதிப்பார்? அதனால் வீட்டில் வைஃபை நின்றால் எனக்கு வகுப்பும் நின்றுவிடும்.

நான் எடுத்தது கேலக்ஸி டேப் ஏ9. திரை 8.7 அங்குலம், பேட்டரி 5100 எம்ஏஎச். சிம் போடுகிற மாடலும் உண்டு, கடைத் தம்பி அதைத்தான் காட்டினார். வீட்டில் ஃபைபர் இருக்கிறது, கையில் ஃபோன் இருக்கிறது, இன்னொரு சிம்முக்கு ஏன் மாதாமாதம் காசு கட்ட வேண்டும் என்று வைஃபை மட்டும் உள்ளதை வாங்கினேன். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு அதுவே போதும்.

முதல் நாள் இரவு மட்டும் அழுகை வராத குறை. பாஸ்வேர்ட் சரி, ஃபோனில் அதே வைஃபை ஓடுகிறது, டேப் மட்டும் 'கனெக்டிங்' என்று சுற்றிச் சுற்றி நின்றுவிடும். ஏழெட்டுத் தரம் பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தேன். அப்புறம் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு உள்ளே போனபோது 'மாக் அட்ரஸ் டைப்' என்ற இடத்தில் 'ராண்டமைஸ்ட்' என்று இருந்தது. மாக் அட்ரஸ் என்பது வைஃபையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் முகவரி. ஆன்ட்ராய்ட் 10 முதல் கருவிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனை முகவரியைத்தான் காட்டும், வெளியிடங்களில் யாரும் நம்மைப் பின்தொடராமல் இருப்பதற்காக. எங்கள் ரூட்டரைப் பூட்டித் தந்தவரோ பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டும் விடும்படி செட் பண்ணியிருந்தார். கடைத் தம்பி டேப்பின் சொந்த முகவரியைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதித் தந்திருந்தார், நானும் அதைச் சேர்த்திருந்தேன். டேப் காட்டியதோ வேறொன்று.

கணக்கு ரீச்சர் என்பதால் இதில் ஒன்று பிடித்துப்போனது. அந்த 12 எழுத்து முகவரியில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலை போட்ட முகவரி இல்லை, கருவி தானே உண்டாக்கியது. எனது டேப்பில் 'ஏ' இருந்தது. சொந்த முகவரிக்கு மாற்றியதும் உடனே ஏறியது. பிறகு யோசித்து, ரூட்டரில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டு, நீளமான பாஸ்வேர்ட் ஒன்று போட்டேன். முகவரிப் பட்டியல் பெரிய காவல் இல்லை, அது காற்றில் மறைக்கப்படாமலே போகிறது, தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். டேப்பையும் பழையபடி ராண்டமைஸ்டிலேயே விட்டிருக்கிறேன்.

அடுத்தது எந்த வைஃபையில் ஏறுவது என்பது. ரூட்டர் இரண்டு பெயர் காட்டும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். அது சிம்மின் 5ஜி இல்லை, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை. மற்றது 2.4 கிகாஹேர்ட்ஸ். இந்த டேப் இரண்டையும் பிடிக்கும். ஹோலில் ரூட்டருக்குக் கீழே இருந்தால் 5இல் வேகம் 433 மெகாபிட் காட்டுகிறது, 2.4இல் வெறும் 72. ஆனால் நான் படிப்பிப்பது பின்னறையில், நடுவில் இரண்டு சீமெந்துக்கல் சுவர். அங்கே 5 ஒரு கோட்டுக்கு இறங்கி, பிள்ளைகளின் முகம் அப்படியே உறைந்து நிற்கும். 2.4 சுவரைத் தாண்டி வந்து நிலையாக நிற்கிறது. ஜூமுக்கு 4 மெகாபிட்டே தாராளம், 433ஐ வைத்து நான் என்ன செய்ய? பின்னறையில் டேப் தானாக 5க்குத் தாவாமல் இருக்க, அந்தப் பெயரில் 'ஆட்டோ ரீகனெக்ட்' என்பதை நிறுத்திவைத்தேன்.

2.4இல் ஒரு கரைச்சல் உண்டு. குசினியில் அம்மா மைக்ரோவேவில் பால் சூடாக்கினால் படம் இழுபடும், அந்த அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. இப்போது அம்மா 7 மணிக்கு முன்பே சூடாக்கிவிடுகிறார். பக்கத்து வீட்டு ரூட்டரோடு முட்டாமல் இருக்க, 2.4க்குள் எங்கள் ரூட்டர் பாவிக்கிற சானலை, அதாவது அலைவரிசையின் சிறு பிரிவை, 11க்கு மாற்றினேன். 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று கலக்காது. புளூடூத் இயர்போனும் 2.4இல்தான் ஓடுகிறது. நல்லவேளை, இந்த டேப்பில் வயர் ஹெட்போன் துளை இருக்கிறது, வகுப்புக்கு அதைத்தான் பாவிக்கிறேன்.

சாம்சங்கின் எழுதும் பேனாவான எஸ் பென் இதில் வேலை செய்யாது. ரப்பர் நுனிப் பேனாவால் பின்னம் எழுதினால் கோடு தடிப்பாக விழும், பெரிய எழுத்தில் எழுதிப் பழகிக்கொள்ள வேண்டும்.

கறண்ட் போனால் டேப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், ரூட்டர் செத்துவிடும். 2022இல் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டிய நாட்களில் வாங்கிய மினி யூபிஎஸ் இப்போது ரூட்டருக்கு. அதுவும் இறங்கினால் ஃபோன் ஹொட்ஸ்பொட், டேப் அதைத் தானே பிடித்துக்கொள்ளும். போன கிழமை அப்படி இருட்டில் பாதி வகுப்பு நடந்தது. மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, "ரீச்சர், உங்கட வீட்டில கறண்ட் இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்கே தெரிந்தது.