பாலாற்று மணலில் ஒரு ஆர்சி பகி: கோடைகள் தாண்டிய அனுபவம்

ஆர்சி கார், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் சின்ன கார், வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது வேகத்தைத்தான். பாலாற்றில் ஓட்டும்போது சுற்றி வந்து நிற்கும் பையன்களும் அதையேதான் கேட்பார்கள்: "அண்ணா, இது எவ்ளோ ஸ்பீடு போகும்?" ஆனால் வேலூரில் இந்த வண்டியை வைத்துக் காலம் தள்ள வேண்டுமென்றால் மணலையும் வெயிலையும்தான் முதலில் யோசிக்க வேண்டும். என் வண்டியில் நான் மாற்றியது, மாற்றாமல் விட்டது எல்லாமே இந்த இரண்டையும் வைத்து முடிவானதுதான்.

வண்டி 1/10 அளவு பகி, அதாவது மண், மணலில் ஓட்டும் வகைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரமும் ஷாஃப்டில் ஓடும். கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக வாங்கி நானே கட்டியது. எந்த கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன், இந்த வகை வண்டி எல்லாவற்றுக்கும் நான் சொல்வது பொருந்தும். ரெடிமேடாக வாங்குவதைவிட கிட் நல்லது என்பது என் உறுதியான கருத்து. இங்கே பழுது பார்க்கக் கடை கிடையாது, ஒவ்வொரு ஸ்குரூவும் எங்கே போகிறது என்று கை அறிந்திருக்க வேண்டும். ஸ்குரூ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஜப்பான் கிட்களின் பிளஸ் தலைக்கு நம் ஹார்டுவேர் கடைத் திருப்புளி சரியாக உட்காராது. ஜேஐஎஸ் (ஜப்பான் தரநிலை) அளவுத் திருப்புளி ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் திருப்புளி வழுக்கி வழுக்கித் தலை தேய்ந்துவிடும்.

இனி பேரிங். ஆரம்ப விலை கிட்களில் பல இடங்களில் பேரிங்குக்குப் பதில் புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையம்தான் வரும். அவற்றைக் கட்டும்போதே தூக்கிப் போட்டுவிட்டு பால் பேரிங் போட வேண்டும். மற்ற எல்லா அப்கிரேடும் இதற்குப் பிறகுதான். என் வண்டியில் பெரும்பாலும் 5 x 11 x 4 மில்லிமீட்டர் அளவு. இதில் இரும்பு மூடி வைத்தது, ரப்பர் மூடி வைத்தது என இரண்டு வகை உண்டு. இரும்பு மூடியில் மயிரிழை இடைவெளி இருக்கும், பாலாற்றுப் பொடிமணல் உள்ளே போக அது போதும். ரப்பர் மூடிதான் இங்கே தாங்குகிறது. ஓட்டி வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலை இரண்டு விரலில் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் சத்தமே இல்லாமல் ஓடும். மணல் போனது நறநறவென்று விரல் நுனியிலேயே தெரியும். பிளேடு முனையால் ரப்பர் மூடியை நெம்பினால், கிரீஸும் மணலும் சேர்ந்து சாம்பல் நிறச் சாந்து போல அப்பியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போட்டு அலசி, காயவைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினால் மறுபடி ஓடும். எண்ணெய் அதிகமானால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும்.

மணலை உள்ளே விடாமல் தடுப்பது இந்த ஹாபியில் பழைய பிரச்சனை. 1979ல் வந்த, ஜப்பான் கம்பெனி டமியாவின் சாண்ட் ஸ்கார்ச்சர் பகியிலேயே ரேடியோ பாகங்களுக்கு மூடிய பெட்டி கொடுத்திருந்தார்கள். என் வண்டியில் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஒரு பலூனுக்குள் இருக்கிறது. ஒயர் வெளியே வரும் இடத்தில் ஜிப் டை போட்டு இறுக்கியிருக்கிறேன். மோட்டாருக்கு மெல்லிய நைலான் சாக்ஸ் துண்டு. அழகாக இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

அடுத்தது வெயில். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதோடு தளர்ந்த மணலில் சக்கரம் புதைந்து புதைந்து ஓடும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் ரோட்டில் ஓட்டுவதைவிட நிறைய அதிகம். கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறியபோது எல்லோரும் பெரிய பினியன் (மோட்டார் முனையில் இருக்கும் பல்சக்கரம்) போடச் சொன்னார்கள். நான் சின்னதாகத்தான் போட்டேன். மேல் வேகம் குறைந்தது, ஆனால் சூடு நன்றாகவே இறங்கியது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று பையில் எப்போதும் இருக்கும். மோட்டார் சூடு 80 டிகிரியை நெருங்கினால் வண்டியை நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் நியோடைமியம் காந்தத்தின் பலமே போய்விடலாம்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி விஷயத்தில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். செல்லுக்கு 4.2 வோல்ட் வரை சார்ஜ், ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைப்பது, 3.2க்குக் கீழே இறக்காமல் இருப்பது, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நம் ஊருக்காக நான் சேர்ப்பது: பைக் டிக்கியில் வெயிலில் விடாதீர்கள், ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். உப்பிய பேட்டரியை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

அலுமினியப் பாகங்கள் பார்க்க ஆசையாக இருக்கும். மோட்டார் மவுண்ட் மட்டும் வாங்குங்கள், அது சூட்டை இழுத்து வெளியே விடுகிறது. சஸ்பென்ஷன் ஆர்ம் பிளாஸ்டிக்கே போதும். சத்துவாச்சாரி பக்கம் மலையடிவாரத்தில் கல்லில் மோதினால் பிளாஸ்டிக் வளைந்து திரும்பிவிடும், இல்லையென்றால் உடையும், மாற்றச் சில நூறு ரூபாய். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், அடியை அப்படியே சேசிஸுக்கும் கடத்தும்.

ஷாக் எண்ணெய் வெயிலில் இளகும், கோடையில் ஒரு படி கெட்டியானதை ஊற்றிக்கொள்ளுங்கள். டயரில் காற்று கிடையாது, உள்ளே ஃபோம்தான், அதனால் சீமைக் கருவேல முள் ஏறினாலும் பஞ்சராகாது. முள்ளைவிட ஆற்றில் கிடக்கும் நைலான் நூல்தான் தொல்லை. ஆக்ஸிலில் சுற்றி, இறுகி, பேரிங் மூடியையே பிய்த்துவிடும். ஒவ்வொரு முறையும் பார்த்து அறுத்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். 2021 நவம்பரில் பாலாறு எப்படி ஓடியது என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் தீராதது ஸ்டியரிங் ஆட்டம். சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாரை மெட்டல் கியர் வைத்ததாகப் போட்டாயிற்று, அதை அடியிலிருந்து காக்கும் சர்வோ சேவரையும் கெட்டியானதாக மாற்றியாயிற்று. கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. அடுத்து பேரிங் வைத்த ஸ்டியரிங் செட் வாங்குவதாக இருக்கிறேன். அது மணலை எவ்வளவு நாள் தாங்குகிறது என்று ஒரு கோடை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.