படபடப்புக்கு எது: அரை மாத்திரையா, தினசரி மாத்திரையா, ஸ்ட்ராவா?

பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடைக்கும், விரல் மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். முதல் தடவை என்றால் ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும், தைராய்டும் பார்த்துவிடுங்கள். எல்லாம் நார்மல் என்றதும் வீட்டில் 'கேஸ் ட்ரபிள்' என்று முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது பேனிக் அட்டாக், அதாவது திடீரென வந்து போகும் பீதி.

என் நண்பர் ஒருவர் பதற்றத்தை உடனே தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையில் பாதியைக் காகிதத்தில் மடித்து நாலு வருடம் சட்டைப் பையில் வைத்திருந்தார். அரைமணியில் கேட்கும் மாத்திரை. ஆனால் அட்டாக்கும் அதற்குள் தானாகவே அடங்கிவிடும். நல்ல பேர் மட்டும் மாத்திரைக்கு. காகிதத்தை மறந்து கிளம்பிய நாளில் பாதி வழியில் திரும்பி வருவார். உடம்பு பழகிப்போய் அளவு ஏறும், சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். சில வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருவது, தினமும் போடுவது. பலன் தெரிய நாலு வாரமாவது ஆகும். முதல் வாரம் குமட்டும், சிலருக்குப் படபடப்பு கூடவும் செய்யும். 'இது ஒத்துக்கலை' என்று பலர் விட்டுவிடுவது அங்கேதான். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். சோர்வும் அழுகையும் சேர்ந்திருந்தால் என் ஓட்டு இதற்கே. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காசில்லாமல் கிடைக்கும்.

சிபிடி என்ற பேச்சு சிகிச்சையில் நண்பரை மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னார்கள், சுழல் நாற்காலியில் சுற்றவிட்டார்கள். அதே அடைப்பு, அதே கிறுகிறுப்பு. ஆனால் உயிர் போகவில்லை. அதை உடம்பே கற்றுக்கொள்வதுதான் சிகிச்சை. பன்னிரண்டு வாரம்போல ஆகும், முடிந்த பிறகும் பலன் நிற்கும். அட்டாக்கும், அதற்குப் பயந்து பஸ்ஸைத் தவிர்ப்பதும் மட்டும்தான் என்றால் இதிலிருந்தே தொடங்கலாம். சிக்கல், முறையாகப் படித்தவர்கள் சின்ன ஊரில் கிடைப்பதில்லை. கவுன்சிலிங் என்று போர்டு மாட்டி ஒரு மணிநேரம் அறிவுரை சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்; வீட்டுப்பாடம் தருவாரா என்று முதலில் கேளுங்கள். யாரிடம் போவதென்றே தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ்: இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நண்பர் கடைசியில் தினசரி மாத்திரையையும் சிபிடியையும் சேர்த்தே எடுத்தார். அல்பிரசோலத்தைக் குறைத்து விடத்தான் மூன்று மாதம் பிடித்தது.